கலைக்கூடத்துக்கும் ஒரு திருவிழா பத்திரிகை வேணும்

தஞ்சாவூர்ப் பக்கம் எந்தக் கோயில்ல திருவிழான்னாலும் முதல்ல வர்றது பத்திரிகை தான். மஞ்சள் கலர் பேப்பர், ஓரத்துல சந்தனம், முதல் நாள் கொடியேற்றம், அஞ்சாம் நாள் ரிஷப வாகனம், எட்டாம் நாள் பிச்சைக்கு வர்ற சிவனா பிட்சாடனர், அப்புறம் தேர், தீர்த்தவாரின்னு வரிசையா போட்டிருக்கும், கீழ உபயதாரர் பேரு, ஊரு. அதைப் பார்த்துட்டு தான் வீட்ல பேச்சே நடக்கும். இந்த வருஷம் ரிஷப வாகனத்தன்னிக்கு லீவு போட முடியுமா, அத்தை எப்ப வர்றாங்க, பசங்களுக்கு பரீட்சை இருக்கா. எந்த சாமி எந்த நாள் எந்த அலங்காரத்துல வெளிய வரும்னு ஒரு ஊருக்கே தெரிஞ்சிருக்கும், தெரிஞ்சு காத்துக்கிட்டிருக்கும்.

அந்த மாதிரி ஒரு பத்திரிகை நம்ம தஞ்சாவூர் கலைக்கூடத்துக்கும் வேணும்ங்கிறது என்னோட ரொம்ப நாள் ஆசை. அரண்மனை வளாகத்துக்குள்ள இருக்கே, ஆர்ட் கேலரின்னு ஆட்டோக்காரங்க சொல்றது, அது தான். வெளியூர்லேந்து யாராவது வர்றாங்கன்னா என்கிட்ட கேக்குற முதல் கேள்வி, "இப்ப அங்க என்ன எக்ஸிபிஷன் போட்டிருக்காங்க?" சென்னை, பெங்களூர்ல கேலரிக்குப் போய் பழகினவங்க அப்படித்தான் கேப்பாங்க, அது நியாயமான கேள்வி. நான் ஒவ்வொரு தடவையும் "எப்பவும் இருக்கிறது தான் இருக்கு, ஆனா வாங்க"ன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போறேன். போய்ட்டு வெளிய வந்தா அவங்க கண்ணே வேற மாதிரி இருக்கும், "ஏன் இதைப் பத்தி யாருமே சொல்லல"ன்னு கேப்பாங்க. அதோட அவங்க திரும்ப வர மாட்டாங்க. ஒரு தடவை பார்த்தாச்சு, லிஸ்ட்ல டிக் பண்ணியாச்சு. திரும்ப வர்றதுக்கு நாம ஒரு காரணம் குடுக்கல.

இந்த இடம் 1951ல ஆரம்பிச்சது. அதுக்கு ஒரு கதை ஊர்ல சொல்லுவாங்க. தஞ்சாவூரை ஒட்டின கரந்தைல ஒரு பிரம்மா சிலை கேட்பாரில்லாம கெடந்துச்சு, கல்கத்தாலேந்து வந்தவங்க அதை எடுத்துட்டுப் போகப் பார்த்தாங்க, ஊர்க்காரங்க விடல, அப்ப கலெக்டரா இருந்த டி.கே. பழனியப்பன் இந்த மாதிரி சிலைகளை எல்லாம் இங்கயே ஒரு இடத்துல வைக்கலாம்னு முடிவு பண்ணி அரண்மனைல இடம் ஒதுக்குனார்னு. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஏன்னா இந்த மியூசியம் பெரிய திட்டம் எதுவும் போட்டு வரல. எங்க ஊர் சாமி எங்க ஊர்லயே இருக்கட்டும்னு மறிச்சு நின்னவங்களால வந்தது. அது இன்னிக்கும் அங்க தெரியும். நாயக்கர் கட்டின மண்டபம், மராட்டியர் சேர்த்த சுவர், தூண்ல பாதி உதிர்ந்த சுதை வேலை, முற்றத்துல புறா, நடுவுல வரிசையா கருங்கல் சாமிங்க. ஏசி கிடையாது, ஸ்பாட் லைட் கிடையாது, மதியம் மூணு மணி வெயில் சாய்ஞ்சு வந்து ஒரு கல் தேவியோட தோள்ல விழும்போது எந்த லைட்டும் தேவையே இல்லன்னு தோணும்.

சரி, எதுக்காகப் போகணும்னு ஒரே ஒரு சிலையைச் சொல்லுன்னு கேட்டா நான் யோசிக்கவே மாட்டேன். ரிஷபவாகன தேவர். சீர்காழிப் பக்கம் இருக்கிற திருவெண்காட்டுலேந்து வந்தவர்.

முதல் தடவை பாக்குறவங்களுக்கு அது சிவன்னு பிடிபடவே கொஞ்ச நேரம் ஆகும். நாலு கை இல்ல, ரெண்டே கை. சூலம் இல்ல, மான் மழு இல்ல. கிரீடம் மாதிரி உயரமா எதுவும் இல்ல, சடையையே தலைப்பாகை மாதிரி சுத்திக் கட்டியிருக்கு, அதுக்குள்ள பாம்பும் நெளிஞ்சு கெடக்கும். ஒரு காலைக் குறுக்க போட்டு, இடுப்பை லேசா ஒடிச்சு, ஒரு கையைப் பக்கத்துல எது மேலயோ சாய்ச்சு வச்ச மாதிரி மடக்கி நிக்கிறாரு. எது மேலன்னா, காளை மேல. அந்தக் காளை இப்ப இல்ல. மண்ணுலேந்து எடுத்தப்பவே கிடைக்கல. ஆனா நீங்க அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க, அந்தக் கை தொங்குற விதத்துலயே காளையோட உயரம் தெரியும், முதுகுத் திமில் எங்க இருக்கணும்னு தெரியும். தன்னோட மாட்டுப் பக்கத்துல நிக்கிற ஒரு மனுஷனோட உடம்பு எப்படித் தளர்வா இருக்குமோ அப்படி. எங்க ஊர்ல சாயங்காலம் வயலுக்குப் போய்ட்டு வந்து மாட்டைத் தட்டிக் குடுத்துக்கிட்டே வாசல்ல பேசிட்டு நிப்பாங்க பாருங்க, அதைப் பார்த்த ஒருத்தர் தான் இதைச் செஞ்சிருக்க முடியும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஸ்தபதி மெழுகுல புடிச்ச அந்தச் சாய்வு அப்படியே இருக்கு, காளை மட்டும் இல்ல.

உயரம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட தான். திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டுல இந்தத் தேவரைப் பத்தின சேதி இருக்கு, முதலாம் ராஜராஜனோட 26ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 1011. கோலக்காவன்னு ஒருத்தர் பேர் அதுல வருது, தேவருக்குக் குடுத்த நகைநட்டு பத்தி வருது. அடுத்த வருஷம், 1012ல, பக்கத்துல நிக்கிற உமை வந்துடறாங்க. இதுல எனக்கு ஆச்சரியம் என்னன்னா, பெரிய கோயில் விமானத்துக்கு மேல வைக்கச் செப்புக் குடத்தை ராஜராஜன் குடுத்தது 25ஆம் ஆட்சியாண்டுல, 1010ல. அங்க தஞ்சாவூர்ல கல்லு மேல கல்லா 200 அடிக்கு மேல ஏத்தி முடிச்ச அதே ஒரு வருஷ வாக்குல, நூறு கிலோமீட்டர் தள்ளி கடலோரக் கிராமத்துல இப்படி ஒரு சின்ன திருமேனி. ரெண்டுமே அதே காலம். பெரிய கோயிலைப் பாக்க வர்ற கூட்டத்துல எத்தனை பேர் நடந்தே வரக்கூடிய தூரத்துல இருக்கிற இந்த அரண்மனைக்கு வர்றாங்கன்னு பாத்தா மனசு வலிக்குது. எவ்வளவு பேருக்கு இது பக்கத்துல இருக்கிறதே தெரியாது.

நான் போடுற பத்திரிகைல முதல் கண்காட்சி திருவெண்காடு தான். வேற யோசனையே கிடையாது. ஏன்னா அந்த ஒரே ஊர்லேந்து வந்தவங்க நிறைய பேர் கலைக்கூடத்துலயே இருக்காங்க. ரிஷபவாகனரும் தேவியும், 1048 கல்வெட்டோட சேர்த்துச் சொல்ற பிட்சாடனர், சிவன் பார்வதி கல்யாணக் கோலமான கல்யாணசுந்தரர் தொகுதி, கைகூப்பின கண்ணப்பர், பைரவர். 1950களோட ஆரம்பத்துலேந்து மண்ணுக்குள்ளேந்து ஒவ்வொருத்தரா வெளிய வந்தாங்க. எந்தப் படையெடுப்புக்குப் பயந்தோ எவரோ ராத்திரியோட ராத்திரியா புதைச்சிருக்காங்க, புதைச்சவங்க திரும்பி வந்து எடுக்கல, எடுக்கத் தெரிஞ்சவங்க யாரும் மிஞ்சல. பல நூறு வருஷம் கழிச்சு மண்ணைத் தோண்டும்போது கிடைக்குது. அப்படிக் கிடைச்சா கலெக்டருக்குச் சொல்லணும்னு 1878லயே புதையல் சட்டம் போட்டிருக்கு, பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள எதுவா இருந்தாலும். நம்ம மியூசியங்கள்ல இருக்கிற செப்புத் திருமேனிகள்ல பெரும் பகுதி அந்தச் சட்டத்தோட வழியா, ஏர்லயும் மண்வெட்டிலயும் தட்டுப்பட்டு வந்தது தான்.

திருவெண்காட்டு அர்த்தநாரி எழும்பூர்ல, சென்னை அரசு மியூசியத்துல இருக்காங்க. ஒரு மாசம், வேணாம், ரெண்டு வாரம் அவங்களைத் தஞ்சாவூருக்கு அனுப்பி வைங்க, திருவெண்காட்டு ஆளுங்க எல்லாம் ஒரே மண்டபத்துல நிக்கட்டும், பின்னாடி சுவர்ல அந்தக் கோயில் கல்வெட்டோட மைப்படி, அதாவது கல்லு மேல பேப்பர் வச்சு மையால எடுத்த நகல், பெருசா தொங்கட்டும், கோலக்காவன்ங்கிற எழுத்துக்கிட்ட ஒரு சின்ன அம்புக்குறி போட்டு இன்னிக்கு எழுத்துல கீழ படிக்கிற மாதிரி வைக்கட்டும். அவ்வளவு தான் நான் கேக்குறது. இதுக்கு மேல ஒரு கண்காட்சிக்கு என்ன வேணும்.

இப்ப ஏன் திருவிழா பத்திரிகைன்னு ஆரம்பிச்சேன்னு சொல்லிடறேன். இந்தச் செப்புத் திருமேனிங்க எல்லாம் உற்சவ மூர்த்திங்க. கருவறைல இருக்கிற கல் மூலவர் நகர மாட்டாரு, அவருக்குப் பதிலா வெளிய வர்றதுக்குன்னே செஞ்சவங்க இவங்க. பீடத்தைப் பாருங்க, ரெண்டு பக்கமும் வளையமோ ஓட்டையோ இருக்கும், அதுல கழி செருகித் தோள்ல தூக்குறதுக்கு. சில முகம் மழுங்கி இருக்கும், மூக்கு நுனி தேய்ஞ்சு கண்ணு மங்கி இருக்கும், அது பல தலைமுறை அபிஷேகம், அர்ச்சகரோட விரல், சந்தனம் தடவித் துடைச்சது. வருஷம் பூரா எல்லாரும் பாக்குறதுக்குன்னு செஞ்ச உருவங்க இல்ல இது. பிட்சாடனர் அவரோட நாள்ல மட்டும் வருவாரு, கல்யாணசுந்தரர் கல்யாணத்தன்னிக்கு மட்டும் வருவாரு. மத்த நாள் உள்ள, கதவு சாத்தி. அந்த நாள் வர்றப்ப ஊரே வாசல்ல நிக்கும்.

மியூசியத்துக்கு வந்ததும் இது தலைகீழா ஆயிடுச்சு. எல்லாரும் எல்லா நாளும் ஒரே வரிசைல நிக்கிறாங்க, ஒரே ட்யூப் லைட்டுக்குக் கீழ. முப்பது திருமேனியை ஒரே மூச்சுல பாத்தா மூணாவதுக்கு மேல எதுவும் மனசுல தங்காது, அது பாக்குறவங்க தப்பு கிடையாது, யாரா இருந்தாலும் அப்படித்தான். அதனால தான் சொல்றேன், முறை வச்சுக் காட்டுறதுங்கிறது இந்தச் சிலைகளுக்கு நாம புதுசா கண்டுபிடிக்கிற விஷயமே இல்ல, அவங்க பொறந்ததே அப்படித்தான். வெளிநாட்டு மியூசியம் வாசல்ல இப்போ நடப்பது, அடுத்து வருவதுன்னு போர்டு வச்சிருப்பாங்க, அதை நம்ம கோயில்கள் எத்தனையோ நூறு வருஷமா பண்ணிட்டிருக்கு, அந்தப் பழக்கம் கலைக்கூடத்து வாசலோட ஏன் நின்னு போகணும்.

இதை அங்க வேலை பாக்குற ஒரு அண்ணன்கிட்ட பேசிட்டிருந்தேன். அவர் சொன்னது நியாயமா இருந்துச்சு. "தம்பி, நீங்க ஈஸியா சொல்லிடறீங்க, ஒவ்வொண்ணும் என்ன கனம் தெரியுமா, நகத்தும்போது ஒரு விரல் ஒடிஞ்சா யாரு பதில் சொல்றது." உண்மை தான். கனம் மட்டுமில்ல, செம்புக்கு ஈரம் ஆகாது. உப்பும் ஈரமும் சேர்ந்தா மேல வெளிர் பச்சைல பொடி பொடியா கிளம்பும், அது உள்ள அரிச்சுட்டே போகும், நிறுத்துறது கஷ்டம். மண்ணுக்குள்ள பல நூறு வருஷம் கெடந்து வந்ததுக்கு அந்த ஆபத்து எப்பவும் உண்டு, அதுலயும் கடலோர மண்ணு. அடிக்கடி எடுத்து வைக்கிறது, லாரில ஏத்துறது எல்லாம் சும்மா வாய்க்கு வந்தபடி சொல்ற விஷயம் இல்ல, அதுக்குன்னு படிச்சவங்க, பெட்டி, இன்ஷூரன்ஸ் எல்லாம் வேணும்.

நான் அவர்கிட்ட சொன்னேன், அண்ணே, பெரும்பாலும் சிலையை நகர்த்தவே வேணாம். அந்த மாசத்துக்கு யாரோட முறையோ அவங்க முன்னாடி ஒரு நல்ல விளக்கு, எதிர்ல ரெண்டு பெஞ்சு, பக்கத்துல பெரிய எழுத்துல தமிழ்ல ஒரு பக்கம் விளக்கம். இவ்வளவு போதும். சுவரை ஒட்டி நிக்கிற சிலைங்களுக்கு முதுகைப் போட்டோ எடுத்துப் பக்கத்துல வைங்க. முதுகை யாருமே பாக்குறதில்ல. கோயில்ல அது அலங்காரத்துக்குள்ள மறைஞ்சிருக்கும், இங்க சுவர் பக்கம் திரும்பியிருக்கும். ஆனா ஸ்தபதிங்க முதுகுல தான் உயிரை விட்டிருப்பாங்க, தலைக்குப் பின்னாடி சக்கரம் மாதிரி ஒண்ணு, அதுலேந்து தோள் வரைக்கும் சுருள் சுருளா இறங்குற முடி, முதுகுத் தண்டோட பள்ளம், இடுப்புக் கச்சையோட முடிச்சு. சாமிக்கு மட்டும் தெரியப் போற இடத்துல அவ்வளவு வேலை செஞ்சிருக்காங்க. அவரு கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "பெஞ்சு போடலாம், வயசானவங்க நிக்க முடியாம சீக்கிரம் போயிடறாங்க"ன்னாரு. எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

வயசானவங்கன்னதும் ஞாபகம் வருது. இங்க கிராமத்துலேந்து வர்ற பாட்டிங்க செருப்பை வாசல்ல விட்டுட்டு தான் உள்ள வருவாங்க, யாரும் விடச் சொல்லல. ஒவ்வொரு சாமி முன்னாடியும் கன்னத்துல போட்டுக்குவாங்க. ஒருத்தங்க பிட்சாடனர் முன்னாடி வந்து நின்னு, துணியில்லாம இடுப்புல பாம்போட நிக்கிறவரைப் பார்த்து, "ஒரு துண்டாவது கட்டி விடக்கூடாதா"ன்னு பக்கத்துல இருந்த மருமகள்கிட்ட நெஜமாவே வருத்தப்பட்டாங்க. அவங்க சொன்னதுல ஒரு பெரிய விஷயம் இருக்கு. இந்தத் திருமேனிகளைக் கோயில்ல யாரும் இப்படிப் பாத்ததே இல்ல. பட்டு, மாலை, நகை, கவசம் எல்லாம் போட்டு முகமும் கையும் மட்டும் தான் தெரியும். நாம இன்னிக்கு சோழர் கலைன்னு கொண்டாடுற அந்த இடுப்பு வளைவு, கால் மடிப்பு எல்லாம் அர்ச்சகருக்கும் ஸ்தபதிக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசியம். ஒரு கண்காட்சி இதையே எடுத்துப் பேசலாம். அலங்காரத்தோட ஒரு உற்சவர் போட்டோ, பக்கத்துல அலங்காரம் இல்லாத திருமேனி. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா தான் முழுசா பார்த்த மாதிரி.

மத்த மாசங்களுக்கு என்னன்னு கேட்டா நான் நாள் பூரா சொல்லிட்டே இருப்பேன். மார்கழி திருவாதிரைக்கு நடராஜர், அதுல விவாதமே இல்ல, கலைக்கூடத்துலயே பல நடராஜர் உண்டு, எல்லாரையும் ஒண்ணா ஒப்பிட்டுப் பாக்க அந்த மாசத்தை விட நல்ல நேரம் எது. பங்குனி உத்திரத்துக்குக் கல்யாணசுந்தரர். அந்தத் தொகுதியை அவசரமா பாக்காதீங்க. சிவன் பார்வதியோட கையைப் பிடிச்சிருக்காரு, பொண்ணு தலையைக் கொஞ்சமா தாழ்த்தி வெக்கத்துல நிக்குது, பின்னாடி லட்சுமி லேசா தள்ளி விடற மாதிரி நிக்கிறாங்க, பெருமாள் தாரை வார்த்துக் குடுக்க வந்து நிக்கிறாரு. எந்தக் கல்யாண வீட்லயும் மணமேடைல பொண்ணைத் தோளைத் தொட்டு "போம்மா"ன்னு சொல்ற ஒரு அண்ணி இருப்பாங்க. அந்த அண்ணியைச் செம்புல வார்த்திருக்காங்க. பங்குனி உத்திரத்தன்னிக்கு, அந்த வருஷம் கல்யாணம் ஆன ஜோடிங்களைக் கூப்பிட்டு இதைக் காட்டுங்க, யாரு மறப்பாங்க.

தாராசுரத்துக்குன்னு தனியா ஒரு மாசம் வேணும். அங்க ஐராவதேஸ்வரர் கோயில் இரண்டாம் ராஜராஜன் காலத்துல, 12ஆம் நூற்றாண்டுல கட்டினது, அங்கேந்து வந்த கல் சிற்பங்க இங்க இருக்கு. கஜசம்ஹாரர் முன்னாடி போய் நின்னா மூச்சு முட்டும். யானையைக் கிழிச்சு அதோட தோலைச் சுத்திலும் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு ஆடறாரு, உடம்பு ஒரு பக்கம் முறுக்கிக்கிட்டுத் திரும்ப முகம் நம்மளப் பாக்குது, கால் எப்படி இப்படித் திரும்பும்னு நம்ம உடம்புல முயற்சி பண்ணிப் பாத்தா வராது. பக்கத்துல பார்வதி பயந்து விலகறாங்க, பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டு. அதே தாராசுரத்துலேந்து பிச்சைக்கு வர்ற சிவனும் அவரைப் பார்த்து மயங்குற ரிஷிபத்தினிகளும் தொகுதியா இருக்கு, ஒவ்வொரு பெண்ணும் ஒவ்வொரு விதமா தடுமாறி நிக்கிறது, ஒருத்தர் மாதிரி ஒருத்தர் இல்ல. இதுங்க கோயில்ல எப்படி நின்னிருக்கும்னு தாராசுரம் போட்டோவோட சேர்த்துக் காட்டினா, இங்க பாத்தவங்க முப்பத்தஞ்சு கிலோமீட்டர் பஸ் ஏறி அங்கயும் போவாங்க, அங்க பாத்தவங்க இங்க வருவாங்க. இப்ப ரெண்டு இடத்துக்கும் நடுவுல ஒரு பேச்சுவார்த்தையே இல்லாத மாதிரி இருக்கு.

சுவாமிமலையையும் விடக்கூடாது. இந்தத் தொழில் இன்னும் உயிரோட இருக்கிற இடம் கலைக்கூடத்துலேந்து ஒரு மணி நேரத் தூரம். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சி, ஓலை நறுக்கை மடிச்சு மடிச்சு அளவு எடுத்து, மெழுகுலயே முழு உருவத்தைப் பிடிச்சு, அது மேல காவேரி வண்டல் மண்ணை அப்பிக் காய வச்சு, சுட்டு மெழுகை உருக்கி வெளிய விட்டு, அந்த வெத்திடத்துல உலோகத்தை ஊத்துறாங்க. அச்சை உடைச்சு தான் சிலையை எடுக்கணும், அதனால ஒண்ணு மாதிரி இன்னொண்ணு கிடையாது. ஐம்பொன்னுன்னு பேரு, பெரும்பங்கு செம்பு தான், மத்தது கொஞ்சம் கொஞ்சம், தங்கம் வெள்ளி பேருக்கு ஒரு துளி. ஒரு ஸ்தபதியைக் கூப்பிட்டு ரிஷபவாகனர் முன்னாடி உக்கார வச்சு, நாள் பூரா மெழுகுல அந்தக் கையை மட்டும் செஞ்சு காட்டச் சொல்லணும்னு எனக்கு ஒரு கனவு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சுத்தி உக்காந்து பாக்கணும். அதுல ஒரு பிள்ளைக்கு விரல் துறுதுறுன்னு வரும் பாருங்க.

போன சாமிங்க, திரும்பி வந்த சாமிங்களைப் பத்தியும் ஒரு கண்காட்சி தேவை, அதுக்குச் சிலையே வேணாம், போட்டோ போதும். பத்தூர் நடராஜர் 1976ல மண்ணுலேந்து கிடைச்சு, கிடைச்ச வேகத்துல கடத்தப்பட்டு லண்டன் போய், அங்க கோர்ட்ல வழக்கு நடந்து 1991ல திரும்பி வந்தாரு. ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலியாவோட தேசிய கேலரி 2008ல 50 லட்சம் டாலருக்கு மேல குடுத்து வாங்கி வச்சிருந்துச்சு, 2014ல அந்த நாட்டுப் பிரதமரே இந்தியாவுக்கு வந்து திருப்பிக் குடுத்தாரு. இந்த மாதிரி வழக்குகள்ல சாட்சியா நின்னது பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் 1950கள்லேந்து ஊர் ஊரா கோயில் கோயிலா போய் எடுத்து வச்ச கறுப்பு வெள்ளைப் போட்டோங்க. எந்தப் பணமும் எதிர்பார்க்காம, இருக்கிறதைப் பதிவு பண்ணி வைப்போம்னு எடுத்த போட்டோ, பல வருஷம் கழிச்சு சாமியை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துச்சு. ஒவ்வொரு ஊர் இளைஞர்களும் தங்க கோயில் உற்சவரைப் போட்டோ எடுத்து அளவோட குறிச்சு வைக்கணும்னு அந்தக் கண்காட்சியைப் பாத்துட்டு வெளிய வர்றப்ப தோணும்.

அதே வளாகத்துல சரஸ்வதி மகால் நூலகம் இருக்கு, அதோட சின்ன மியூசியமும் இருக்கு. இரண்டாம் சரபோஜி காலத்துல, அதாவது 1798லேந்து 1832க்குள்ள, தன்வந்திரி மகால்ங்கிற வைத்தியசாலைல கண் வைத்தியம் நடந்ததுக்கான குறிப்பேடுங்க அங்க பாதுகாப்பா இருக்கு. நோயாளியோட கண்ணைக் கலர்ல வரைஞ்சு, என்ன நோவு, என்ன மருந்துன்னு எழுதி வச்சிருக்காங்க. கேமரா வர்றதுக்கு முன்னாடி ஒரு ஓவியர் நோயாளி முன்னாடி உக்காந்து சிவந்த கண்ணையும் படலம் விழுந்த கண்ணையும் பொறுமையா வரைஞ்சிருக்காரு. தஞ்சாவூர் ஓவியம்னா தங்க ரேக்கு ஒட்டின கிருஷ்ணர்னு மட்டும் நினைச்சிட்டிருக்கிற நமக்கு, இதே ஊர் ஓவியக் கை ஆஸ்பத்திரிலயும் வேலை பார்த்துச்சுன்னு தெரிஞ்சா எவ்வளவு பெருமையா இருக்கும். நல்ல நகல் எடுத்துக் கலைக்கூடத்துல மாட்டலாம்.

இதெல்லாம் நம்ம ஊர்ல நடக்காதுன்னு சொல்றவங்களுக்கு ஒரே ஒரு உதாரணம். பெரிய கோயில்ல கருவறையைச் சுத்துற இருட்டுப் பாதைல சோழர் ஓவியம் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில மறைஞ்சிருந்தது 1931ல தெரிய வந்துச்சு, கண்டுபிடிச்சவர் எஸ்.கே. கோவிந்தசாமி. மேல இருக்கிறதைச் சுரண்டினா தான் கீழ இருக்கிறது தெரியும், ஆனா மேல இருக்கிறதும் நானூறு வருஷச் சொத்து. தொல்லியல் துறைக்காரங்க மேல் ஓவியத்தை அப்படியே பூச்சோட உரிச்சு எடுத்து ஃபைபர் பலகைல ஒட்டி, ரெண்டையுமே காப்பாத்திட்டாங்க. அதைக் கோயில் திருச்சுற்று மாளிகைல காட்சிக்கும் வச்சாங்க. அந்த அளவுக்குக் கைநேர்த்தியும் பொறுமையும் உள்ளவங்க நம்மகிட்ட இருக்காங்கன்னா, ஒரு விளக்கையும் பெஞ்சையும் மாசா மாசம் மாத்தி வைக்க முடியாதா.

வரப்போறதைப் பத்தி ஒரு கவலையையும் சொல்லிடறேன். 2023 பட்ஜெட்ல தஞ்சாவூர்ல பெரிய சோழர் அருங்காட்சியகம் வரும்னு அறிவிச்சாங்க. பழைய கலெக்டர் ஆபீஸ் கட்டிடத்துலயும் ஒரு மியூசியம் ஏற்கெனவே வந்துடுச்சு, பசங்களுக்கு அது பிடிக்கும், எனக்கும் சந்தோஷம். சோழர் மியூசியமும் வரட்டும், நல்லா வரட்டும், முறையான ஏசி, பாதுகாப்பு, ஆராய்ச்சிக்கு ஆளு எல்லாம் வரட்டும், செம்புத் திருமேனிகளுக்கு அது நிச்சயமா நல்லது. ஆனா அங்க எதை வைக்கிறதுன்னு வரும்போது முதல் கை நீளப் போறது ரிஷபவாகனர் பக்கம் தான்னு எனக்குத் தோணுது. அவரை மட்டும் தனியா தூக்கிட்டுப் போயிடாதீங்க. போனா தேவியும், பிட்சாடனரும், கல்யாணசுந்தரரும், கண்ணப்பரும் எல்லாரும் சேர்ந்து போகட்டும், இல்லன்னா எல்லாரும் நாயக்கர் மண்டபத்துலயே இருக்கட்டும். ஒரே ஊர்ல ஒண்ணா இருந்து, மண்ணுக்குள்ள கெடந்து, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வெளிய வந்தவங்க. ஏற்கெனவே காளை ஒண்ணு காணாம போயிருக்கு.

எப்ப ஆரம்பிக்கலாம்னு கேட்டா, ஐப்பசி சதயம். ராஜராஜன் பொறந்த நட்சத்திரம்னு பெரிய கோயில்ல வருஷா வருஷம் ஊரே கூடி சதய விழா எடுக்குது, யானை மேல திருமுறை ஊர்வலம், ஓதுவார்கள், நாட்டியம், கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். அந்த விழா அழைப்பிதழ்லயே கீழ ஒரு வரி சேர்த்தா போதும், கலைக்கூடத்துல திருவெண்காட்டுத் திருமேனிகள் சிறப்புக் காட்சின்னு. தனி விளம்பரச் செலவே கிடையாது.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். திருவெண்காட்டுலேந்து அன்னிக்கு ஒரு பஸ் விடணும். சீர்காழி, மயிலாடுதுறை, கும்பகோணம்னு வந்தா மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும், காலைல கிளம்பினா மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி வந்துடலாம். அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க, கோயில் குருக்கள், நாதஸ்வரக்காரங்க, தேர் இழுக்குறவங்க, தங்க தாத்தா காலத்துல மண்ணுலேந்து சாமி வந்ததைக் கதையா கேட்டு வளர்ந்தவங்க, அவங்க தான் முதல்ல உள்ள போகணும். அவங்ககிட்ட டிக்கெட் வாங்கக் கூடாது.